லினக்ஸ் மின்டை நம் வசதிக்கு மாற்றுவது: சினமன் டெஸ்க்டாப்புக்கு முழுமையான வழிகாட்டி

அக்கா மகனுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி ரொம்ப நாளாக அலமாரியில் சும்மா கிடந்தது. 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். அதிலிருந்த விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. சரி என்று அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்தான். "மாமா, நல்லாத்தான் ஓடுது. ஆனா இது என் கம்ப்யூட்டர் மாதிரியே இல்லையே?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்து செய்ததையும், அதற்கு முன் சில வருடங்களாக என் லேப்டாப்பில் செய்து, கெடுத்து, திருத்திக் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். நான் வைத்திருப்பது மின்ட் 22.1, அதனோடு வரும் சினமன் 6.4 டெஸ்க்டாப். இந்தப் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. ஒருமுறை உட்கார்ந்து சரிசெய்துவிட்டால் பல வருடம் கவலை இல்லை.

2011-ல், லினக்ஸில் பலர் பயன்படுத்திய க்னோம் டெஸ்க்டாப்பின் மூன்றாம் பதிப்பு வெளியானபோது பழைய பேனலும் மெனுவும் காணாமல் போயின. நிறைய பேருக்கு அது பிடிக்கவில்லை. மின்டைத் தொடங்கிய கிளெமென்ட் லெஃபெவ்ரும் அவர் குழுவும் பழைய அமைப்பைக் காப்பாற்ற எடுத்த முயற்சிதான் சினமன். கீழே பேனல், இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். சினமன் என்றால் பட்டை. அதனால் அதன் கூடுதல் இணைப்புகளுக்கு ஸ்பைசஸ், அதாவது மசாலா என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிரியாணி வைத்துப் பழகியவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

## மாற்றம் எங்கே போய் உட்காருகிறது?

தீம் எது, ஐகான் எது என்று தேடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நாம் செய்யும் எந்த மாற்றமும் மூன்று இடங்களில் ஒன்றில்தான் போய்ச் சேரும். எந்த இடம் என்று தெரிந்தால் அதை எப்படி நீக்குவது என்பதும் தெரிந்துவிடும்.

முதல் இடம், செட்டிங்ஸில் நாம் அழுத்தும் பட்டன்கள். பேனல் உயரம், ஃபான்ட் அளவு, ஷார்ட்கட் எல்லாம் டிகான்ஃப் என்ற சிறு தரவுத்தளத்தில் பதிவாகும். அது உங்கள் சொந்த ஃபைல்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டருக்குள் ஒரே ஒரு ஃபைல்தான். இங்கே என்ன செய்தாலும் சிஸ்டம் கெடாது. அசிங்கமாகத் தெரியலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஸ்பைசஸ். முக்கியமாக ஆப்லெட், டெஸ்க்லெட், எக்ஸ்டென்ஷன் என்று மூன்று வகை. பேனலில் உட்காருவது ஆப்லெட், டெஸ்க்டாப்பின் மேல் மிதப்பது டெஸ்க்லெட், சினமன் நடந்துகொள்ளும் விதத்தையே மாற்றுவது எக்ஸ்டென்ஷன். இவையும் ஹோம் ஃபோல்டருக்குள்தான் இருக்கும். ஆனால் ஒரு வித்தியாசம். இவை ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டு, சினமனின் புராசஸுக்குள்ளேயே ஓடுகின்றன. பிரவுசரில் ஒரு டேப் தொங்கினால் அந்த டேப்பை மூடிவிடலாம். இங்கே ஓர் ஆப்லெட் தொங்கினால் டெஸ்க்டாப் முழுக்கத் தொங்கும்.

மூன்றாவது, சிஸ்டம் ஃபைல்கள். பாஸ்வேர்டு கேட்கும் எதுவும் இந்த வகை. டிரைவர், பூட் மெனு, புதிய சாஃப்ட்வேர் களஞ்சியம் சேர்ப்பது எல்லாம் இதில் வரும். இங்கே தவறு செய்தால் மெஷின் எழுந்திருக்காமலே போகலாம்.

## கை வைப்பதற்கு முன்

மின்டில் டைம்ஷிஃப்ட் கூடவே வருகிறது. சிஸ்டம் இன்று இருக்கும் நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்து வைத்து, கெட்டுப்போனால் அதற்குத் திரும்ப உதவும் கருவி இது. மெனுவில் அந்தப் பெயரைத் தட்டினால் வந்துவிடும். முதல்முறை திறக்கும்போது ஆர்சிங்க், பிடிஆர்எஃப்எஸ் என்று இரண்டு வழி காட்டும். சாதாரணமாக இன்ஸ்டால் செய்தவர்களுக்கு ஆர்சிங்க்தான். எந்த டிஸ்க்கில் வைக்க வேண்டும் என்று கேட்கும். வெளி டிஸ்க்கில் வைப்பதாக இருந்தால் அது லினக்ஸ் ஃபார்மேட்டில், இஎக்ஸ்டி4 மாதிரி, இருக்க வேண்டும். விண்டோஸில் பயன்படுத்திய பென்டிரைவை அப்படியே செருகினால் ஏற்காது. முதல் ஸ்னாப்ஷாட் எடுக்க நேரமாகும், இடமும் பிடிக்கும். அடுத்தடுத்தவை மாறிய ஃபைல்களை மட்டும் எடுப்பதால் சீக்கிரம் முடியும்.

இங்கே நிறைய பேர் ஏமாறுவது ஒரு விஷயத்தில். டைம்ஷிஃப்ட் தன் இயல்பான அமைப்பில் ஹோம் ஃபோல்டரைத் தொடாது. அதாவது மேலே சொன்ன முதல் இரண்டு இடங்களும் அதன் கணக்கிலேயே இல்லை. ஏதோ ஓர் எக்ஸ்டென்ஷன் போட்டு டெஸ்க்டாப் குழம்பிவிட்டது, நேற்றைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினேன், குழப்பம் அப்படியே இருக்கிறது என்று புலம்புபவர்களுக்கு நடந்தது இதுதான். யூசர்ஸ் டேபில் மறைந்த ஃபைல்களை மட்டும் சேர்க்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டால் செட்டிங்ஸும் ஸ்பைசஸும் சேர்ந்துகொள்ளும். ஆனால் ஃபயர்பாக்ஸ் புக்மார்க், தண்டர்பேர்ட் மெயில் எல்லாமும் மறைந்த ஃபோல்டர்களில்தான் இருக்கின்றன. ஒரு பேனலைச் சரிசெய்யப் போய், பத்து நாள் மெயிலையும் சேர்த்துப் பின்னால் தள்ளிவிட வாய்ப்பு உண்டு. அதனால் நான் டைம்ஷிஃப்டைச் சிஸ்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

டெஸ்க்டாப் மாற்றங்களுக்கு நான் நம்புவது வேறு ஒரு வழி. எளிமையானது, ஆனால் ஏனோ யாரும் செய்வதில்லை.

1. செட்டிங்ஸில் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் திறந்து, 'சோதனை' மாதிரி ஒரு பெயரில் இரண்டாவது அக்கவுண்ட் உருவாக்குங்கள். சாதாரண யூசராக இருந்தால் போதும், அட்மின் வேண்டாம்.
2. புதிய தீமோ எக்ஸ்டென்ஷனோ எதுவாக இருந்தாலும் முதலில் அந்த அக்கவுண்டில் நுழைந்து போட்டுப் பாருங்கள்.
3. இரண்டு நாள் தொல்லை இல்லாமல் ஓடினால் உங்கள் அக்கவுண்டில் போடுங்கள். கெட்டுப்போனால் அந்த அக்கவுண்டை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள், இரண்டு நிமிட வேலை.

ஸ்பைசஸ், செட்டிங்ஸ் எல்லாம் ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனி. அதனால் அங்கே என்ன உடைந்தாலும் உங்கள் டெஸ்க்டாப்பில் கீறல் விழாது. இன்னொரு பயனும் உண்டு. என்றைக்காவது ஏதாவது கோளாறு வந்தால் சோதனை அக்கவுண்டில் நுழைந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் தவறு உங்கள் செட்டிங்ஸில். அங்கேயும் கோளாறு என்றால் தவறு சிஸ்டத்தில், டைம்ஷிஃப்டைத் தேடலாம்.

## எதையும் இறக்காமலே செய்யக்கூடியவை

ஆர்வத்தில் எல்லோரும் நேராக ஸ்பைசஸ் பக்கம் ஓடுவார்கள். அக்கா மகனும் அப்படித்தான். ஆனால் அவனுக்கு வேண்டியிருந்ததில் முக்கால்வாசி சினமனிலேயே இருந்தது.

பேனலில் காலியாக இருக்கும் இடத்தில் ரைட் கிளிக் செய்து பேனல் செட்டிங்ஸ் போங்கள். உயரம், தானாக மறைவது எல்லாம் அங்கே. மறைவதில் 'இன்டெலிஜென்ட்' என்று ஒன்று உண்டு, ஏதாவது விண்டோ மேலே வந்து மோதினால் மட்டும் பேனல் ஒதுங்கும். இடது, நடு, வலது என மூன்று பகுதிக்கும் ஐகான் அளவைத் தனித்தனியாக வைக்கலாம். அதே ரைட் கிளிக் மெனுவில் பேனல் எடிட் மோடை ஆன் செய்தால் ஆப்லெட்டுகளை இழுத்து இடம் மாற்றலாம். வேலை முடிந்ததும் அதை ஆஃப் செய்ய மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கிளிக் செய்ய நினைத்து ஐகானை இழுத்துக்கொண்டே இருப்பீர்கள்.

விண்டோஸ் 7 காலத்து ஆள் என்றால் திறந்த விண்டோக்களின் பெயரைப் பேனலில் படித்துப் பழகியிருப்பீர்கள். மின்டில் முதலில் இருப்பது ஐகான்களை மட்டும் காட்டும் குரூப்டு விண்டோ லிஸ்ட். ஆப்லெட்ஸ் பக்கம் போய் அதை நீக்கிவிட்டு, அங்கேயே இருக்கும் விண்டோ லிஸ்ட்டைச் சேர்த்தால் பழைய தோற்றம் வந்துவிடும்.

பேனலை இடப்பக்கம் நிறுத்துவதும் நல்ல யோசனைதான், அதுவும் 1366-க்கு 768 திரையில். படிக்க உயரம் கூடுதலாகக் கிடைக்கும். பிரச்சினை கடிகாரத்தில் வரும், அகலம் போதாது. கடிகாரத்தை ரைட் கிளிக் செய்து கான்ஃபிகர் போனால் நம் இஷ்டத்துக்குத் தேதி அமைப்பு எழுத ஓர் இடம் இருக்கிறது. சதவீதக் குறிக்கு அடுத்து ஓர் ஆங்கில எழுத்து, இதுதான் அதன் மொழி. பெரிய எச் போட்டால் மணி, பெரிய எம் போட்டால் நிமிடம், சின்ன என் போட்டால் அடுத்த வரி. மணி, அடுத்த வரி, நிமிடம் என்று எழுதினால் ஒன்றன்கீழ் ஒன்றாக அழகாக உட்காரும். மீதி எழுத்துகளின் விளக்கத்துக்கு அங்கேயே பட்டன் இருக்கிறது.

கிழமையும் மாதமும் தமிழில் வர வேண்டுமா? செட்டிங்ஸில் லாங்குவேஜஸ் திறந்து, மொழியை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, நேர அமைப்பை மட்டும் தமிழ், இந்தியா என்று மாற்றுங்கள். மெனு எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும், கடிகாரம் மட்டும் 'வியாழன்' என்று சொல்லும். லாக் அவுட் செய்து நுழைந்தால் தெரியும். இன்று வரை எனக்கு இருப்பதிலேயே பிடித்த மாற்றம் இதுதான், இத்தனைக்கும் எந்தப் பயனும் இல்லை.

தீம்ஸ் பக்கத்தில் மேலோட்டமாகப் பார்த்தால் ஸ்டைல், வெளிச்சமா இருட்டா, எந்த நிறம் என்று மூன்று கேள்விதான் இருக்கும். அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் அழுத்தினால் மவுஸ் அம்பு, அப்ளிகேஷன், ஐகான், டெஸ்க்டாப் என்று நான்காகப் பிரிந்து தனித்தனியாக மாற்றலாம். இருட்டுத் தீம் போட்ட பிறகும் ஒன்றிரண்டு விண்டோக்கள் மட்டும் தம் விருப்பத்துக்கு வேறு மாதிரி தெரியும். உங்கள் மேல் தவறில்லை. க்னோம் பக்கத்திலிருந்து வரும் புதிய அப்ளிகேஷன்கள் லிப்அத்வைதா என்ற நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. அது இயல்பில் வெளித் தீமைக் கண்டுகொள்ளாது. இதற்காகவே மின்ட் 22-ல் கால்குலேட்டர், சிம்பிள் ஸ்கேன் மாதிரி சிலவற்றைப் பழைய பதிப்பிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஃபிளாட்பேக் என்ற தனிப் பொதி முறையில் போட்ட அப்ளிகேஷன்களிலும் இந்தப் பிடிவாதத்தைப் பார்க்கலாம்.

கண் வலிக்கு, இரவில் திரையின் நிறத்தை இதமாக்கும் நைட் லைட் 6.4-லிருந்து சினமனுக்குள்ளேயே வந்துவிட்டது. இதற்கென்று தனியாக எதையும் போட வேண்டாம்.

கீபோர்டு பக்கத்தில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். சூப்பர் கீ என்றால் விண்டோஸ் சின்னம் போட்ட கீ. அதோடு அம்புக்குறி அழுத்தினால் விண்டோ பாதித் திரைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோல், ஆல்ட், மேல் அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எல்லா வொர்க்ஸ்பேஸும், அதாவது விண்டோக்களைப் பிரித்து வைக்கும் தனித்தனித் திரைகளும், ஒரே பார்வையில் வரும். கஸ்டம் ஷார்ட்கட்டில் ஒரு பெயர், ஒரு கட்டளை, ஒரு கீ கொடுத்தால் எந்த அப்ளிகேஷனையும் விரலில் கட்டிவிடலாம்.

சின்னத் திரைக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. சில செட்டிங்ஸ் விண்டோக்கள் திரையைவிட உயரமாக இருக்கும். ஓகே பட்டன் கீழே எங்கோ ஒளிந்துகொள்ளும். ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு விண்டோவின் எந்த இடத்தையும் பிடித்து மேலே இழுங்கள். தலைப்புப் பட்டை திரைக்கு மேலே போய்விடும், பட்டன் கைக்கு வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒரு வருடம் டேப் கீயைத் தட்டிக் குத்துமதிப்பாக என்டர் அழுத்திக்கொண்டிருந்தேன்.

## ஸ்பைசஸ்: எதைப் போடலாம், எப்படிப் போடலாம்

ஆப்லெட்ஸ், டெஸ்க்லெட்ஸ், எக்ஸ்டென்ஷன்ஸ் மூன்றுக்கும் செட்டிங்ஸில் தனித்தனிப் பக்கம் உண்டு. எல்லாவற்றிலும் மேனேஜ், டவுன்லோட் என இரண்டு டேப். டவுன்லோட் டேபில் அம்புக்குறியை அழுத்தினால் இறங்கும். இறங்கியது மட்டும்தான், இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. மேனேஜ் டேபுக்கு வந்து கூட்டல் குறியை அழுத்த வேண்டும். "இன்ஸ்டால் பண்ணிட்டேன், வரவே இல்லை" என்பவர்கள் எல்லாம் இந்தக் கூட்டல் குறியை விட்டவர்கள்.

எதை நம்புவது? பட்டியலைத் தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். பல வருடம் யாரும் தொடாத ஒன்றை, எத்தனை நட்சத்திரம் இருந்தாலும், விட்டுவிடுங்கள். சினமன் ஒவ்வொரு பதிப்பிலும் உள்ளே மாறிக்கொண்டே இருக்கிறது. பராமரிக்காத ஆப்லெட் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் தடுக்கி விழும். இந்தப் பட்டியலில் வருபவற்றின் நிரல் கிட்ஹப்பில் திறந்திருக்கிறது, மின்ட் குழு பார்த்துத்தான் சேர்க்கிறது. அதனால் வேறு தளங்களிலிருந்து ஜிப் ஃபைலாக இறக்குவதைவிட இது பத்திரம்.

என்னிடம் இப்போது நிற்பவை மூன்றுதான். சினமெனு, பழைய மெனுவுக்குப் பதிலாக. ஜீடைல், விண்டோவைக் கட்டம் போட்டு நிறுத்த. பெரிய மானிட்டர் இணைத்திருப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம், சின்னத் திரைக்கு வீண். மூன்றாவது டிரான்ஸ்பேரன்ட் பேனல்ஸ், வெறும் அழகுக்கு. ஆடும் விண்டோ, உருளும் கனசதுரம் எல்லாம் நானும் போட்டு நாலு நாள் ரசித்தேன். அப்புறம் எடுத்துவிட்டேன்.

இப்போது ஒரு சொந்தக் கதை. ஒரு காலத்தில் என் டெஸ்க்டாப்பில் ஒன்பது ஸ்பைசஸ் ஓடிக்கொண்டிருந்தன. தினமும் சாயங்காலம் ஆனால் மவுஸ் திக்கித் திக்கி நகரும், ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். ஹார்ட் டிஸ்க் போய்விட்டதோ என்று புதியதற்கு விலைகூட விசாரித்துவிட்டேன். ஒருநாள் சிஸ்டம் மானிட்டரைத் திறந்து வைத்துக் கவனித்தேன். காலையில் 250 எம்பி பக்கம் இருந்த சினமன் புராசஸ், மாலையில் 1 ஜிபியைத் தாண்டியிருந்தது. ஏதோ ஒன்று நினைவகத்தை எடுத்துக்கொண்டே போகிறது, திருப்பிக் கொடுப்பதில்லை.

ஒன்பதில் எது? ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் ஒன்பது நாள். பாதி பாதியாகப் பிரித்தேன். ஐந்தை நிறுத்திவிட்டு நான்கை ஓட விட்டேன். அன்று மாலை தொல்லை இல்லை. குற்றவாளி அந்த ஐந்தில். அதில் மூன்றை மட்டும் ஆன் செய்தேன், திக்கியது. அந்த மூன்றில் ஒன்றை எடுத்தேன். நான்காவது நாள் கையில் சிக்கியது, வானிலை காட்டும் ஒரு டெஸ்க்லெட். வெளியே வெயில் அடிக்கிறதா என்று ஜன்னலைப் பார்த்தால் தெரியும். அதற்கு ஒரு டெஸ்க்லெட்!

இந்தத் தொல்லைக்குச் சினமனிலேயே ஒரு கடிவாளம் இருக்கிறது. செட்டிங்ஸில் ஜெனரல் திறந்து நினைவக வரம்பை ஆன் செய்யுங்கள். சினமன் அந்த அளவைத் தாண்டினால் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும், திறந்திருக்கும் விண்டோக்கள் அப்படியே இருக்கும். 4 ஜிபி மெஷினில் இது கட்டாயம்.

ஆப்லெட் ஓடவே மறுத்தால் பேனலில் ரைட் கிளிக் செய்து டிரபிள்ஷூட்டுக்குள் லுக்கிங் கிளாஸ் திறங்கள். லாக் டேபில் சிவப்பாக வருவதை முழுக்கப் புரிந்துகொள்ளத் தேவையில்லை. அதில் எந்த ஸ்பைஸின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்தால் போதும்.

## நீமோவில் சில

ஃபைல் மேனேஜரின் பெயர் நீமோ. எஃப்3 அழுத்தினால் விண்டோ இரண்டாகப் பிரியும், இங்கிருந்து அங்கே ஃபைல் நகர்த்த வசதி. கன்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் மறைந்த ஃபைல்கள் தெரியும், மறுபடி அழுத்தினால் மறையும். கல்யாணப் போட்டோ முந்நூறையும் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தினால் மொத்தமாகப் பெயர் மாற்றும் விண்டோ வரும்.

ரைட் கிளிக் மெனுவில் புதிய வேலைகளைச் சேர்ப்பதற்கு செட்டிங்ஸில் ஆக்ஷன்ஸ் பக்கம். இதுவும் ஸ்பைசஸ் குடும்பம்தான். ஆனால் ஆப்லெட்டைப் போலச் சினமனுக்குள் உட்கார்ந்து ஓடாது, நீங்கள் அழுத்தும்போது மட்டும் ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போய்விடும். அதனால் தைரியமாகப் போடலாம்.

## தமிழ் எழுத, தமிழ் தெரிய

கீபோர்டு லேஅவுட்டில் தமிழ்99 சேர்க்கலாம். சேர்த்துத் தட்டிப் பார்த்தால் ஏதோ குறையும். காரணம், அந்த வகை லேஅவுட் ஒரு கீக்கு ஓர் எழுத்து என்று மட்டும்தான் வேலை செய்யும். தமிழ்99-ன் அழகே முன்னால் என்ன எழுத்து வந்தது என்று பார்த்துப் புள்ளி வைப்பது. 'க' கீயை இருமுறை தட்டினால் 'க்க' வர வேண்டும், 'ங' தட்டி 'க' தட்டினால் 'ங்க' வர வேண்டும். அதற்கு ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி தேவை.

1. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் எம்17என் என்று தேடி இன்ஸ்டால் செய்யுங்கள்.
2. செட்டிங்ஸில் இன்புட் மெத்தட் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுங்கள்.
3. லாக் அவுட் செய்து மறுபடி நுழையுங்கள். இதை விட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது.
4. மெனுவில் ஐபஸ் பிரிஃபரன்சஸ் திறந்து, இன்புட் மெத்தட் டேபில் தமிழைச் சேருங்கள். தமிழ்99, ஃபொனடிக், டைப்ரைட்டர் எல்லாம் இருக்கும். உங்கள் கைக்குப் பழகியதை எடுங்கள்.
5. சூப்பர் கீயோடு ஸ்பேஸ் அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

ஃபான்ட் விஷயத்தில் ஒரு நுணுக்கம். சிஸ்டம் ஃபான்டில் தமிழ் எழுத்துகள் இல்லாவிட்டால், இருக்கும் தமிழ் ஃபான்டுகளில் ஏதோ ஒன்றைத் தானாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஃபைல் பெயரில் ஆங்கிலம் ஒரு தடிமனாகவும் தமிழ் ஒரு தடிமனாகவும் தெரிகிறது. கட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றிலும் தமிழும் ஆங்கிலமும் ஒரே கையால் வரைந்த மாதிரி இருக்கும். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரை உருவாக்கி, இறக்கிய ஃபைல்களை அதில் போடுங்கள். ஃபோல்டரின் பெயர் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் இருக்க வேண்டும். பிறகு ஃபான்ட் செலக்ஷனில் இயல்பான ஃபான்டாக அதையே வையுங்கள். எழுத்துகள் சிறியதாகத் தெரிந்தால் ஒவ்வொன்றாக மாற்றாமல், கீழே இருக்கும் டெக்ஸ்ட் ஸ்கேலிங்கை 1.1 ஆக்கினால் போதும்.

## வேகத்துக்கு

இதில் ஊருக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். என் அனுபவத்தில் உருப்படியாக உதவுவது கொஞ்சம்தான். ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸில் வேண்டாததை ஆஃப் செய்யுங்கள். எஃபெக்ட்ஸை மொத்தமாக நிறுத்துங்கள். ரேம் 4 ஜிபி அல்லது அதற்குக் கீழே என்றால் இசட்ரேம்-கான்ஃபிக் இன்ஸ்டால் செய்யுங்கள். அது ரேமின் ஒரு பகுதியில் தரவைச் சுருக்கி வைத்துக்கொண்டு, மெதுவான டிஸ்க்கின் பக்கம் போவதைக் குறைக்கும். ரேமில் இருப்பதை டிஸ்க்குக்கு எவ்வளவு தாராளமாகத் தள்ளலாம் என்று சொல்லும் ஸ்வாப்பினெஸ் எண்ணை 60-லிருந்து 10 ஆக்கு என்று பழைய கட்டுரைகளில் எல்லாம் இருக்கும். நான் மாற்றியும் பார்த்தேன், மாற்றாமலும் பார்த்தேன், கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அக்கா மகன் லேப்டாப்பில் நிஜமாக வேகத்தைக் கொண்டுவந்தது இவை எதுவுமே இல்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டதுதான்.

## நான் கை வைக்காத இடங்கள்

பூட் ஆகும்போது வரும் படம், கிரப் என்ற பூட் மெனுவின் அலங்காரம். ஒரு நாளைக்கு ஐந்து நொடி பார்க்கும் திரைக்காக மெஷின் எழுந்திருப்பதையே பணயம் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பாஸ்வேர்டு கேட்கும் தீம், ஐகான் இன்ஸ்டாலர்கள். தீம் என்பது படங்களும் நிறங்களும்தான், ஹோம் ஃபோல்டரில் போட்டாலே வேலை செய்யும். அதற்கு எதற்குச் சிஸ்டம் பாஸ்வேர்டு? 2024 மார்ச்சில் கேடிஇ என்ற இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்பில் நடந்ததை நினைவில் வையுங்கள். அதன் ஸ்டோரிலிருந்து ஒருவர் இறக்கிய குளோபல் தீம், தன் பழைய ஃபைல்களைத் துடைக்கிறேன் என்று அவருடைய சொந்த ஃபைல்களையே அழித்துவிட்டது. பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. கெட்ட எண்ணமும் இல்லை, நிரலில் இருந்த தவறுதான். சோதனை அக்கவுண்ட் என்று நான் அத்தனை தடவை சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

டிகான்ஃப் எடிட்டர் பற்றியும் கேட்பார்கள். செட்டிங்ஸில் தெரியாத பல விசைகள் அதில் உண்டு. தொடலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்று. ஒவ்வொரு விசையிலும் இயல்பான மதிப்புக்குத் திரும்பும் சுவிட்ச் இருக்கிறது.

## எல்லாம் கெட்டுவிட்டால்

பதற்றத்தில் நேராக ரீஇன்ஸ்டாலுக்குப் போய்விடாதீர்கள். கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறுங்கள்.

திரை தொங்கினால் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சினமன் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். டைப் செய்துகொண்டிருந்த கடிதம் அப்படியே இருக்கும். பாதித் தொல்லைகள் இதோடு தீர்ந்துவிடும்.

திரும்பத் திரும்பத் தொங்குகிறதா? எக்ஸ்டென்ஷன்கள் அனைத்தையும் நிறுத்துங்கள், பிறகு டெஸ்க்லெட், பிறகு நீங்கள் இறக்கிய ஆப்லெட். மேலே சொன்ன பாதிப் பாதிக் கணக்கைப் போடுங்கள்.

பேனலே கலைந்து போய்விட்டால் ரைட் கிளிக், டிரபிள்ஷூட், அதில் எல்லாவற்றையும் இயல்பு நிலைக்குக் கொண்டுவரும் பட்டன் இருக்கிறது. டெஸ்க்டாப் புதிதாக இன்ஸ்டால் செய்த அன்று இருந்த மாதிரி ஆகிவிடும். உங்கள் டாக்குமென்ட், போட்டோ எதையும் அது தொடாது.

நுழைந்தவுடனே சினமன் விழுந்து, கிளிக் செய்யவே வழியில்லை என்றால் மின்ட் இன்ஸ்டால் செய்த பென்டிரைவை எடுங்கள். அதிலிருந்து பூட் செய்து, நீமோவில் உங்கள் டிஸ்க்கைத் திறந்து, ஹோமுக்குள் உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ரூட் ஆகத் திறங்கள். மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, புள்ளி லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் சினமன், அதற்குள் எக்ஸ்டென்ஷன்ஸ். கடைசியாக நீங்கள் போட்டது எதுவோ அதன் ஃபோல்டரை வெட்டி வேறெங்காவது ஒட்டுங்கள், அழிக்க வேண்டாம். பென்டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால், ஃபோல்டர் இல்லாத எக்ஸ்டென்ஷனைச் சினமன் தேடிப் பார்த்துவிட்டுப் பேசாமல் கடந்து போய்விடும்.

அதற்கும் அசையாவிட்டால் தவறு மூன்றாவது இடத்தில், சிஸ்டம் ஃபைல்களில் இருக்கிறது என்று அர்த்தம். அதே பென்டிரைவிலேயே டைம்ஷிஃப்ட் இருக்கிறது. திறந்து, டிஸ்க்கைக் காட்டி, நன்றாக ஓடிய ஒரு நாளின் ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டோர் அழுத்திவிட்டுப் போய் டீ போடுங்கள். சுழலும் டிஸ்க் என்றால் இரண்டாவது டீக்கும் நேரம் இருக்கும்.